மலேசியாவில் டைவிங் கற்ற ஒருவர் இங்கிலாந்தின் குளிர்ந்த, கலங்கிய கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்கப் போகலாமா?

கேள்வியில் நீங்கள் சொன்னதை வைத்தே பேசுகிறேன். பினாங்குக்காரர், பெர்ஹெந்தியான் தீவில் டைவிங் கற்று, அடிப்படைப் பயிற்சிக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் வரை முடித்திருக்கிறீர்கள், மேற்படிப்புக்கு பிளைமவுத் போகிறீர்கள், அங்கே கடலடியில் கிடக்கும் கப்பல்களைப் பார்க்க ஆசை, ஆனால் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், ஒன்றுமே தெரியாது என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் இங்கே வாங்கிய டைவிங் சான்று அட்டையைக் காட்டிவிட்டு முதல் வாரமே படகேறாதீர்கள். நான் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவன், வேலைக்காக பிளைமவுத் இருக்கும் டெவன் பக்கம் சில வருடம் இருந்தேன், அங்கேதான் குளிர்நீரில் டைவ் செய்யப் பழகினேன். அதனால் நம் ஆட்களுக்கு எது பிரச்சினை, எது பிரச்சினையே இல்லை என்று கொஞ்சம் விவரமாகவே சொல்ல முடியும்.

முதலில் குளிர். நம் கடல் வருடம் முழுக்க 28லிருந்து 30 டிகிரி. பிளைமவுத் பக்கம் மார்ச் மாதம் 9 டிகிரி அளவுக்கு இறங்கும், ஆகஸ்ட், செப்டம்பரில்தான் 16, 17ஐத் தொடும். கேமரன் மலையில் 16 டிகிரியில் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்திருப்பீர்கள், அந்த நினைப்பில் இதை எடைபோடக் கூடாது, ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகும். குளிர் என்றதும் எல்லாருக்கும் நடுக்கம்தான் ஞாபகம் வரும். நடுக்கம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே விரல் போய்விடும். கையுறைக்குள் விரல் விறைத்துப்போனால் ஒரு கொக்கியை மாட்டுவது, ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்துவது, கயிற்று ரீலை அவிழ்ப்பது என்று இங்கே கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியமெல்லாம் பெரிய வேலையாகிவிடும். அப்புறம் மூச்சு வேகமாகும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும். கடைசியாகப் புத்தி மந்தமாகும். புத்தி மந்தமானது அந்த ஆளுக்கே தெரியாது, அதுதான் இதில் மோசம்.

கலங்கல் வேறு விதம். அது பார்வையை எடுத்துக்கொள்ளும். நல்ல நாளில் அங்கே 8, 10 மீட்டர் தெரியும், மோசமான நாளில் 2, 3 மீட்டர்தான். வசந்தத்தில் மிதவை உயிரிகள் பெருகித் தண்ணீர் பச்சையாகக் குழம்பும், மே மாதத்தில் இது அதிகம் என்பதால் அங்குள்ளவர்கள் அதற்கு மே தண்ணீர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். தெளிந்த குளிர்நீரில் கை மந்தமானாலும் கண் இருக்கிறது. கலங்கிய வெதுநீரில் கண் இல்லாவிட்டாலும் கை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, அதற்கு மேல் கூர்மையான இரும்பும் வலையும் தொங்கும் ஒரு கப்பலும் இருந்தால், கண்ணும் கையும் பாதிதான் வேலை செய்யும் என்று வைத்துக்கொண்டு, அந்த நிலையிலும் செய்து முடிக்கக்கூடியதை மட்டும் திட்டமிட வேண்டும். நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

கலங்கலைப் பொறுத்தவரை பினாங்குக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பத்து ஃபெரிங்கியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால் நம் பாதமே நமக்குத் தெரியாது. கொஞ்சம் வடக்கே புலாவ் பாயார் தீவில் தண்ணீர் பல நாள் மங்கலாகத்தான் இருக்கும், சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், உங்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். மங்கிய நாளாகப் பார்த்தே போங்கள். துணை டைவரைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள, கம்ப்யூட்டரை முகத்துக்கு நேரே பிடித்து ஆழம் பார்த்தபடி இறங்க, அடி தெரியாமலே மிதப்பைச் சரிசெய்ய அங்கே பழகலாம். ஒரே ஆளோடு போய்ப் பழகுவது இன்னும் நல்லது.

கப்பலும் வேண்டும் என்றால் பெர்ஹெந்தியானில் சர்க்கரைக் கப்பல் என்று சொல்வார்களே, 2000ஆம் ஆண்டு சர்க்கரை ஏற்றிக்கொண்டு வந்து மூழ்கியது, அது 18 மீட்டர் அளவில்தான் கிடக்கிறது. நீரோட்டமும் கலங்கலும் உள்ள இடம், அதனால் பயிற்சிக்கு ரொம்பப் பொருத்தம். வடகிழக்குப் பருவமழையில் அந்தப் பக்கமெல்லாம் மூடிவிடுவார்கள் என்பதை மறக்காதீர்கள். செலவு செய்ய முடியுமானால் போர்னியோ பக்கம் உள்ள லாபுவான் தீவுக்குப் போங்கள். அங்கே நான்கு கப்பல்கள் டைவர்களுக்குப் பழக்கம். ஒன்று 1945 ஜூனில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிய அமெரிக்கக் கடற்படையின் சல்யூட், இன்னொன்று 1980இல் சிமெண்ட் மூட்டைகளோடு போனது, புருணை சுல்தானின் புது அரண்மனைக்கான சிமெண்ட் என்று சொல்வார்கள். அங்கேயும் தண்ணீர் அடிக்கடி கலங்கும். வெதுவெதுப்பாக இருக்கும் என்பதைத் தவிர உங்களுக்குத் தேவையான எல்லாப் பாடமும் லாபுவானில் இருக்கிறது. சபாவின் சிப்பாடான் தீவில் டைவ் செய்து படம் போடுகிறவர்களைப் பார்த்துப் பணத்தை அங்கே செலவழிக்காமல், இந்தப் பயணத்துக்கு முன் லாபுவானில் செலவழியுங்கள்.

குளிரை மட்டும் இங்கே பழக முடியாது. அதை அங்கே போய்த்தான் பழக வேண்டும், அதற்கு டிரை சூட் பயிற்சி கட்டாயம். இங்கே 3 மில்லிமீட்டர் வெட் சூட் போட்டிருப்பீர்கள், அதற்குள் தண்ணீர் புகுந்து உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும். டிரை சூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான பட்டை இருக்கும், தண்ணீர் உள்ளே வராது, உள்ளே கம்பளி மாதிரியான உடுப்பும் அதற்குள் தேங்கும் காற்றும்தான் சூடு தரும். ஆழம் போகப் போக அந்தக் காற்று சுருங்கி உடை உடம்பைக் கவ்வும், அதனால் நெஞ்சில் உள்ள வால்வு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை உள்ளே விட வேண்டும். மேலே வரும்போது அதே காற்று விரியும், இடது கைமேல் உள்ள வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். தலை கீழாகவும் கால் மேலாகவும் போய்விட்டால் காற்றெல்லாம் காலுக்கு ஓடி, ஆளைக் கால்வழியாக மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். அதிலிருந்து சுருண்டு மீள்வதைப் பயிற்சியாளர் நீச்சல் குளத்தில் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வார். அலுக்காமல் செய்யுங்கள். இடுப்பு எடையும் இங்கே கட்டியதைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்காகும், அதனால் மிதப்பு பற்றி உங்கள் உடம்பு கற்றுவைத்த கணக்கெல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவியான ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சிலிண்டரிலிருந்து காற்று அழுத்தம் குறைந்து வெளிவரும்போது அதுவே குளிரும். ஏற்கெனவே தண்ணீரும் குளிர் என்றால் உள்ளே ஐஸ் பிடித்து, மூடாமல் திறந்தபடி நின்று, காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். ஐரோப்பியத் தரமான இ.என். 250 பத்து டிகிரிக்குக் கீழே உள்ளதைக் குளிர்நீர் என்று கொள்கிறது, அந்தச் சோதனையில் தேறாத ரெகுலேட்டர்களில் 10 டிகிரிக்கு மேல் என்ற குறி இருக்கும். இங்கே வாங்கியதைக் கொண்டுபோகிறீர்கள் என்றால் அந்தக் குறியைப் பாருங்கள். கோடையில் பரவாயில்லை, மார்ச்சில் வேண்டாம்.

இன்னொன்று, மாஸ்க். வெதுநீரில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவது ஒன்றுமே இல்லை. 10 டிகிரித் தண்ணீர் முகத்தில் பட்டால் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி உடம்பே கட்டளை போடும். கரையோரம் நின்று முகத்தைத் தண்ணீரில் வைத்து, ரெகுலேட்டரில் நிதானமாக மூச்சுவிட்டுப் பழகிவிட்டால் அந்தத் திடுக்கிடல் குறையும். படகிலிருந்து குதிக்கும் முன்னும் முகத்தை நனைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

சரி, கப்பலுக்கு வருவோம். பிளைமவுத்துக்குப் பக்கத்தில் விட்ஸண்ட் விரிகுடாவில் ஜேம்ஸ் ஈகன் லெயின் என்ற கப்பல் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா வரிசையாகக் கட்டித் தள்ளிய லிபர்ட்டி கப்பல்களில் ஒன்று. 1945 மார்ச் 21ஆம் தேதி யு-1195 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி இதை டார்பிடோவால் அடித்தது. கரைக்கு இழுத்துவரப் பார்த்தார்கள், விரிகுடாவிலேயே அமிழ்ந்துவிட்டது. ஆட்கள் யாரும் சாகவில்லை. அடி 20 மீட்டருக்குச் சற்று மேல், பல வருடம் இதன் பாய்மரக் கம்பங்கள் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. இப்போது சரக்கு அறைகளுக்கு மேலே மூடி இல்லாமல் திறந்து கிடப்பதால் வெளிச்சம் உள்ளே விழும், எங்கிருந்தாலும் அண்ணாந்தால் மேற்பரப்பின் பச்சை தெரியும். உங்கள் முதல் கப்பல் இதுவாக இருக்கட்டும்.

அதற்குப் பக்கத்திலேயே ஸ்கில்லா. பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்கப்பல், 2004 மார்ச் 27 அன்று செயற்கைப் பாறைத்திட்டாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே மூழ்கடித்தது. 113 மீட்டர் நீளம். டைவர்கள் போய்வர வசதியாகப் பக்கங்களில் ஓட்டைகள் வெட்டித்தான் இறக்கினார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் உள்ளே சேறு படிந்துவிட்டது, தகடுகள் உளுத்துச் சரிகின்றன. உள்ளே போனவர்கள் வழி தெரியாமல் இறந்திருக்கிறார்கள். பாதுகாப்பாக இருக்கும்படி தயாரித்து இறக்கிய கப்பலிலேயே இது நடந்திருக்கிறது என்பதை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். ஸ்கில்லாவை வெளியிலிருந்து பாருங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பது குறைந்த அனுபவம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நம் பக்கத்துப் பவளப்பாறையில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அங்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பச்சை இருட்டுக்குள் இறங்கும்போது எதுவுமே இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கருமை கெட்டியாகும், அது சுவராகும், சுவர் முழுக்க வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல்சாமந்தி பூத்திருக்கும். டார்ச்சை அடித்தால் இளஞ்சிவப்புக் கடல்விசிறி, இரும்பு இடுக்கில் தொடை பருமனுக்கு விலாங்கு, வாயில் மீசையோடு கூட்டமாக நின்று உங்களையே பார்க்கும் மீன்கள். ஒரு அடி நகர்ந்தால்தான் அடுத்தது தெரியும், அதனால் ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பார்ப்பீர்கள். கலங்கிய நீரில் டைவ் செய்து செய்து நான் தெளிந்த நீரிலும் மெதுவாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

டார்ச் பற்றிச் சொன்னேன் அல்லவா, குறுகலான ஒளிக்கற்றை உள்ளதை வாங்குங்கள். அகலமாக விரியும் வெளிச்சம் மிதக்கும் துகளில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பிவரும். குறுகிய கற்றை துணை டைவருக்கு நீங்கள் இருக்கும் இடத்தையும் காட்டும். வட்டம் போட்டால் சரி, வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் உடனே கவனி.

அங்கே கடலில் ஏற்றவற்றம் நம்மைவிட ரொம்பப் பலமானது. நீரோட்டம் ஓடும் நேரத்தில் கப்பலில் நிற்கவே முடியாது. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் இடைவெளியில், அல்லது வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும்போது, தண்ணீர் சிறிது நேரம் அசையாமல் நிற்கும். படகுக்காரர்கள் அட்டவணை பார்த்து அந்த நேரத்துக்குத்தான் இறக்குவார்கள். மிதவையிலிருந்து கப்பலுக்கு ஒரு எடைக்கயிறு இறக்கியிருப்பார்கள், அதைப் பிடித்து இறங்கி, முடிந்தால் அதையே பிடித்து ஏறுவது. முடியாவிட்டால் கீழிருந்தே ஒரு மிதவைக் குழலை ஊதி மேலே விட்டு, அதன் கயிற்றோடு ஏற வேண்டும். படகு உங்களைக் கண்டுபிடிக்க அதுதான் அடையாளம். மேலே அலையும் மூடுபனியும் இருந்தால் ஒரு தலை கண்ணுக்கே தெரியாது. விறைத்த விரலோடு இந்தக் குழலை அவிழ்த்து ஊதிவிடுவது ஒரு கலை. பினாங்கிலேயே தடித்த கையுறை ஒன்று வாங்கி, நீச்சல் குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்து பாருங்கள், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு.

துணை டைவர் காணாமல் போனால் என்ன செய்வது என்பதைப் படகிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பொதுவான வழக்கம், ஒரு நிமிடம் சுற்றிப் பார், ஆள் இல்லையென்றால் பாதுகாப்பான வேகத்தில் மேலே போ. கப்பலைச் சுற்றித் தேடிக்கொண்டே இருப்பது இரண்டு பேருக்கும் ஆபத்து. சில பேர் கைக்குக் கை ஒரு குட்டிக் கயிறு கட்டிக்கொள்வார்கள், திறந்த நீரில் எனக்கு அது பிடிக்கும், கப்பலுக்குப் பக்கத்தில் அது இரும்பில் மாட்டிக்கொள்ளும் என்பதால் பிடிக்காது.

மாட்டிக்கொள்வது என்றதும் வலை. மீன் கப்பல்களைச் சுற்றித்தான் சேரும், மீன் சேரும் இடத்தில் வலையும் தூண்டில் நரம்பும் சிக்கிக் கிடக்கும். கலங்கலில் நரம்பு கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பெரிய கத்தி காலில் கட்டுவது படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் உண்மையில் வேண்டியது சின்ன வெட்டுக்கருவியும் ஒரு கத்தரிக்கோலும், இரண்டும் மார்புக்குப் பக்கத்தில், எந்தக் கையாலும் எட்டும் இடத்தில். சிக்கினால் திரும்பிச் சுழலாதீர்கள், சுழன்றால் இன்னும் சுற்றிக்கொள்ளும். நின்று, பின்னால் நகர்ந்து, துணை டைவருக்குக் காட்டி வெட்டச் சொல்லுங்கள்.

கப்பலுக்குள் நுழைந்து பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் வேண்டாம். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, டைவிங் பயிற்சி அமைப்பான பி.ஏ.டி.ஐ.யின் கப்பல் டைவிங் பயிற்சியிலேயே வெளிச்சம் எட்டும் இடம் வரைதான், அதுவும் நீர்மட்டத்திலிருந்து ஆழமும் உள்ளே போகும் தூரமும் சேர்த்து 40 மீட்டருக்குள் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். 24 மீட்டர் ஆழத்தில் இருக்கும் வாசலில் நின்றால் உள்ளே உங்களுக்கு 16 மீட்டர்தான் மிச்சம். காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு வெளியே வர, ஒரு பங்கு தொடாமல். கயிற்றை வாசலுக்கு வெளியே ஒரு முடிச்சு, உள்ளே நுழைந்ததும் இன்னொரு முடிச்சு, தொய்வில்லாமல் விட்டுக்கொண்டே போக வேண்டும். ஏன் இத்தனை என்றால், உள்ளே போகும்போது தண்ணீர் தெளிவாக இருக்கலாம், நீங்கள் விடும் மூச்சுக் குமிழி கூரையில் பட்டாலே துரு உதிரும், ஃபின் ஒரு முறை தரையைத் தட்டினால் சேறு கிளம்பும், அப்புறம் டார்ச்சை மாஸ்க்கில் ஒட்டிப் பிடித்தாலும் தெரியாது. அந்த நிலையில் கயிறு மட்டும்தான் வழி. விறைத்த விரலால் அந்தக் கயிற்றை உணர முடியாது என்பதால்தான் குளிர்நீரில் இதைத் தள்ளிப்போடச் சொல்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம், எதையும் எடுத்துவராதீர்கள். இங்கிலாந்தில் கப்பலிலிருந்து எது எடுத்தாலும் 28 நாளுக்குள் அதற்கென்று உள்ள அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும், போரில் மூழ்கிய பல கப்பல்கள் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் கல்லறைகளாகவே பாதுகாக்கப்படுகின்றன. சட்டத்தை விடுங்கள், நம் ஊரையே நினைத்துப் பாருங்கள். மதராசில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 அக்டோபர் 28 விடியற்காலையில் நம் துறைமுகத்துக்குள் நுழைந்து ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை அடித்தது. 89 மாலுமிகள் இறந்தார்கள், அவர்களுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் நினைவுக்கல் இருக்கிறது. குவாந்தான் கடலில் 1941 டிசம்பர் 10 அன்று மூழ்கிய ரிபல்ஸ், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களிலும் சேர்த்து 800க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், அந்தக் கப்பல்களை இரும்புக்காகத் தோண்டிச் சிதைத்திருக்கிறார்கள். 2023 மே மாதம் நம் கடல்சார் அமலாக்க முகமை சந்தேகத்தின் பேரில் ஒரு வெளிநாட்டுக் கப்பலைப் பிடித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. யாரோ ஒரு தாயின் பிள்ளை படுத்திருக்கும் இடம் அது. ஒரு சின்னப் பித்தளைத் துண்டுகூட அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் கால அட்டவணைக்கு வருகிறேன். செப்டம்பரில் போய்ச் சேருவீர்கள், கடல் அப்போதுதான் அதிகச் சூட்டில் இருக்கும். சேர்ந்த உடனே பல்கலைக்கழக டைவிங் கிளப்பில் சேருங்கள், டிரை சூட் இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள், புதிதாக வாங்கினால் கனத்த விலை. அந்த முதல் சில வாரங்களில் கரையோரம், 10 மீட்டருக்குள், டிரை சூட்டோடு பழகுங்கள். குளிர்காலத்தில் நீச்சல் குளப் பயிற்சி. அடுத்த ஜூலை, ஆகஸ்டில் ஜேம்ஸ் ஈகன் லெயின். போகும் நாள் காலையில் நன்றாகப் பசியாறிவிட்டு, வெந்நீர் குடுவையில் இனிப்பான தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போங்கள், மேலே வந்ததும் முதலில் தலையைத் துவட்டிக் குல்லா போடுங்கள். ஏறி வரும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருந்தால் உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவதும் மெதுவாகும், அதனால் கம்ப்யூட்டர் தரும் நேரத்தின் விளிம்பு வரை போகாமல், நடுக்கம் தொடங்கும் முன்பே மேலே வந்துவிடுங்கள். விடுமுறைக்கு பினாங்கு வரும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள், நான் ஒரு முழு நாள் விடுவேன்.